வாலடியைத் தொட்டால் கடிக்கும் பூனை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில், பாபநாசம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், முற்றம். பின்கட்டில் மரப் பத்தாயம், அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை. நெல் இருக்கும் வீட்டில் எலி இருக்கும், எலி இருக்கும் வீட்டில் பூனை இருக்கும். இந்த வீட்டில் இரண்டு பூனைகள். ஒன்று கொட்டகையில் திரியும் நாட்டுப்பூனை. மற்றொன்று பெர்சியன் கலப்பு, நீள முடி, கருத்தடை செய்யப்பட்ட பெண் பூனை. வயது 9, எடை 3.6 கிலோ. இந்த ஆய்வு இரண்டாவது பூனையைப் பற்றியது.

வீட்டில் இருப்பவர்கள் 71 வயதுப் பாட்டி, மருமகள், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூனையை மடியில் போட்டு, கம்பிப் பல் வைத்த பிரஷ்ஷால் கழுத்திலிருந்து வால்வரை பத்து நிமிடம் சீவி விடுவது பாட்டியின் வழக்கம். எட்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆடி மாதத்துக்குப் பிறகுதான் பூனை திரும்பித் திரும்பிக் கையைக் கவ்வ ஆரம்பித்தது. முதலில் பல் பட்டும் படாமலும் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் கட்டைவிரலின் அடிச்சதையில் இரண்டு பல்லும் இறங்கி ரத்தம் வந்தது.

கடிபட்ட அன்றும் மறுநாளும்

பாட்டி காயத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பிக்கொண்டார். மறுநாள் காலை கை மணிக்கட்டுவரை வீங்கிச் சூடேறிவிட்டது. பூனைக் கடியில் இது அடிக்கடி நடப்பது. பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், வாயிலுள்ள பாஸ்டுரெல்லா கிருமி உள்ளே தசைநார்வரை இறங்கிவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. அதன்மேல் எதையும் அப்பக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ரத்தம் வந்த கடி என்பதால் 0, 3, 7, 28ஆம் நாள் என்ற கணக்கில் வெறிநோய் ஊசி தொடங்கியது. காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்துக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 'வீட்டுப் பூனைதானே, பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம்' என்று உறவினர் ஒருவர் சொன்னதை மருமகள் ஏற்கவில்லை. அது சரியான முடிவு. பத்து நாள் கவனிப்பு பூனைக்கு உரியது, கடிபட்டவர் அதுவரை காத்திருக்கக் கூடாது.

பூனையைப் பத்து நாள் தனி அறையில் வைத்தார்கள். தொட்டால் வெறிகொள்வது வெறிநோயிலும் உண்டு என்பதால் கால்நடை மருத்துவர் அந்த நாட்களில் பூனையைக் கையில் எடுக்கவில்லை. அது ஒழுங்காகச் சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது, குரல் மாறவில்லை, நடையும் தள்ளாடவில்லை.

கைப்பேசிப் படத்தில் தெரிந்தது

பேத்தி முன்பு விளையாட்டாக எடுத்து வைத்திருந்த இரண்டு வீடியோக்கள் இந்த இடைவெளியில் உதவின. மருத்துவரிடம் பாட்டி கேட்ட கேள்வி இது: "டாக்டரம்மா, அது சந்தோஷமாத்தானே இருக்கு? இடுப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டுது பாருங்க. குர்குர்னு சத்தம் வேற. அப்புறம் ஏன் கடிக்கணும்?"

கேள்வியில் தவறில்லை. இடுப்பைத் தூக்குவது இன்பத்திலும் வரும், தாங்க முடியாத அரிப்பிலும் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க மற்ற உறுப்புகளைக் கவனிக்க வேண்டும். சுகமாக இருக்கும் பூனை வாலை நேராக நிமிர்த்தி, உடம்பின் பாரத்தைக் கைமேல் சாய்க்கும், கண் பாதி மூடியிருக்கும், முன்கால் மாவு பிசையும். படத்தில் இருந்த பூனை அப்படி இல்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டியபோது வரிசை தெளிவாகத் தெரிந்தது. இடுப்பில் முதல் இழுப்பு விழுந்ததும் பின்பகுதி உயர்ந்தது. இரண்டாவது இழுப்பில் முதுகுத் தோல், காற்றடித்த குளத்து நீர்போல் வால் பக்கமிருந்து தோள் பக்கம் அலையலையாக ஓடியது. அதே நொடியில் நாக்கு வெளியே வந்து வெறும் காற்றை நக்கியது. மூன்றாவது இழுப்பில் வால் நுனி துடித்து, பிறகு முழு வாலும் சாட்டைபோல் அடித்தது. காதுகள் பக்கவாட்டில் திரும்பின, கண்மணி விரிந்தது. நான்காவது இழுப்பில் கடி.

முதுகுத் தோலுக்கு அடியில் அகலமான மெல்லிய தசை ஒன்று உண்டு. ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலுப்புவது அதே தசையால்தான். பூனையை லேசாகத் தொட்டாலும் ஒரு துடிப்பு வருவது இயல்பு. அது நிற்காமல் அலையாக ஓடுவதும், கூடவே காற்றை நக்குவதும் இயல்பு அல்ல. குர்குர் சத்தத்தையும் தனியாக நம்பக் கூடாது. வலியிலும், பயத்திலும், குட்டி போடும்போதும்கூடப் பூனை அந்தச் சத்தம் எழுப்பும்.

நான்கு இழுப்புக்குள் மூன்று எச்சரிக்கைகளைப் பூனை கொடுத்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஐந்து நொடிகூட இல்லை. பாட்டியின் பார்வை பிரஷ்மேல் இருந்தது. அவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

11ஆம் நாள்: கைப் பரிசோதனை

பூனை நலமாக இருந்ததால் 11ஆம் நாள் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். மேசை வேண்டாம் என்று சொல்லி, கூடத்துத் தரையில் பாய் விரித்து, பூனை நிற்கும்படி விட்டுச் சோதித்தார். வெறும் கை முதலில், பிறகு மெல்லிய ரப்பர் பிரஷ். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை இழுப்பில் முதல் அறிகுறி வருகிறது என்று பேத்தி எண்ணிக் குறித்தாள். கன்னம், தாடை, காதடி: 10 இழுப்பு, அறிகுறி இல்லை. பூனையே முகத்தைத் தள்ளிக் கொடுத்தது. கழுத்து, தோள்: 10, இல்லை. நடு முதுகு: 6ஆவதில் தோல் துடிப்பு. இடுப்பு, வாலடி: முதல் இழுப்பிலேயே. இடது தொடை: 2ஆவதில் சீறல். வலது தொடை: 5இல் வால் அசைவு.

வாலடியில் முடியைப் பிரித்து விரலால் தடவியபோது கேழ்வரகு அளவுப் பொருக்குகள் வரிசையாக நெருடின. பேன் சீப்பால் வாரியதில் பூச்சி ஒன்றுகூடச் சிக்கவில்லை. "அதான் சொன்னேனே, உண்ணி எதுவும் கிடையாது" என்றார் பாட்டி. சீப்பில் ஒட்டிய கரும்பொடியை மருத்துவர் நனைத்த வெள்ளை வேட்டித் துணியில் தட்டினார். அரை நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் கசிந்து விரிந்தது. மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. ஊரில் எல்லாவற்றையும் உண்ணி என்றே சொல்கிறார்கள். உண்ணி தோலில் கடித்துத் தொங்கும், கண்ணுக்குத் தெரியும். தெள்ளு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், முடிக்குள் ஓடும், துள்ளும். அதன் எச்சில் ஒவ்வாத பூனைக்குச் சில கடிகளே போதும், இடுப்பும் வாலடியும் தொடையின் பின்புறமும் நாள்கணக்கில் அரிக்கும். அரிக்கும் பூனை நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடும். அதனால் மிக மோசமாக அவதிப்படும் பூனையின் உடம்பில்தான் பல நேரம் பூச்சி கிடைப்பதில்லை.

சொறிப்பூச்சிக்குத் தோல் சுரண்டலும், படைக்கு முடிச் சோதனையும் செய்யப்பட்டன. இரண்டிலும் ஒன்றும் இல்லை. முதுகெலும்பை அழுத்தியபோது வலி காட்டவில்லை. வால் அருகே அரிசி நொய் போன்ற காய்ந்த துணுக்குகள் இருந்தன. அவை தெள்ளை விழுங்குவதால் பரவும் நாடாப்புழுவின் கண்ணிகள்.

"பாட்டிம்மா, அது இடுப்பைத் தூக்கறது சீவி விடச் சொல்லி இல்ல, சொறிஞ்சு விடச் சொல்லி. கம்பி பட்டதும் புண்ணு எரியுது, கடிக்குது" என்று மருத்துவர் விளக்கினார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வாரம் முதுகில் பிரஷ் படக் கூடாது என்பது முதல் முடிவு. கன்னத்தையும் கழுத்தையும் மட்டும் கையால் தடவலாம். புண் ஆறும்வரை சீவினால், ஒவ்வொரு முறையும் 'பிரஷ் வந்தால் வலி' என்ற பாடம்தான் பூனைக்கு உறுதிப்படும்.

தெள்ளுக்குப் பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, 0.5 மி.லி., பிடரியில். நீள முடிப் பூனையில் இதைத் தவறாக வைப்பது எளிது. முடியின்மேல் ஊற்றினால் மருந்து முடியிலேயே நின்றுவிடும். நக்க எட்டாத பிடரியில் முடியை இரண்டாக வகிர்ந்து, வெள்ளைத் தோல் தெரிந்த பிறகு குழாய் நுனியைத் தோலில் வைத்து அழுத்த வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது.

பக்கத்து வீட்டில் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மீதி இருந்தது, அதையே வைக்கலாமே என்று கேட்டார்கள். அந்த மருந்தில் பெர்மெத்ரின் இருந்தது. நாய் தாங்கும், பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு என்று போய்விடும். வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவும் வழக்கமும், நெல் மூட்டைக்குத் தூவும் பூச்சிமருந்தைப் பூனைமேல் தூவும் வழக்கமும் டெல்டா கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. உடம்பில் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும் பிராணிக்கு இரண்டும் விஷம்தான். வலிக்குது என்று பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படியே. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

அரிப்பை அடக்கப் பிரெட்னிசோலோன் மாத்திரை, கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 7 நாள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் ஒரு வேளை. வெறிநோய்த் தடுப்பூசியும் அன்றே போடப்பட்டது. பூனை படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்கச் சொன்னார்கள். வீட்டைப் பொறுத்தவரை அன்று சொன்னது அவ்வளவுதான், அது போதவில்லை.

இடது தொடைச் சீறலும் அரிப்பின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

ஐந்தாம் வாரம்: பின்னடைவு

முதல் வாரத்திலேயே அலை அடங்கியது, பொருக்கு உதிர்ந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். மாத்திரை முடிந்த நான்காம் நாள் தோல் மறுபடி ஓடத் தொடங்கியது. அரிப்பை அதுவரை அடக்கி வைத்திருந்தது மாத்திரை. தெள்ளு அப்படியேதான் இருந்திருக்கிறது.

பூனையின் உடம்பில் இருப்பது தெள்ளுக் கூட்டத்தின் சிறு பகுதி. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேலும் இடும். முட்டை ஒட்டாது, பூனை படுத்த இடத்தில் உதிரும். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டு இடுக்கில் ஒதுங்கி, பெரிய தெள்ளின் எச்சத்தைத் தின்று வளரும். பிறகு தூசி ஒட்டிய கூட்டுக்குள் அடங்கும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் எளிதில் போகாது, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரமும் டெல்டாவின் சூடும் இதற்கு மிகவும் ஏற்றவை. மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

பேத்தி வெள்ளைக் காலுறை போட்டு வீடு முழுக்க நடந்து பார்த்தாள். கூடத்தில் ஒன்றும் இல்லை. பத்தாயத்தின் பக்கம் நின்ற ஒரு நிமிடத்தில் காலுறையில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள் துள்ளின. சாக்கை மட்டும் துவைத்தார்கள். சாக்கு கிடந்த பத்தாயத்தின் அடியிடுக்கு, பல வருடத் தூசியும் பதருமாக அப்படியே இருந்தது. சம்பா அறுவடைக்கு முன்னால் என்பதால் பத்தாயத்தில் நெல் குறைவு. அடுக்குகளைக் கழற்றி நகர்த்தி, தூசியை அள்ளி எரித்து, தரை வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, சிமெண்டால் பூசினார்கள். பூனையின் படுக்கை முற்றத்து ஓரம் வெளிச்சத்துக்கு மாறியது, வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கும் பழைய புடவை விரிப்புடன். அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத கொட்டகைப் பூனைக்கும் சொட்டு மருந்து வைக்கப்பட்டது. இரண்டுக்கும் 30 நாளுக்கு ஒருமுறை, மூன்று மாதம் தொடர்ந்து.

எட்டாம் வாரம்: தொடை மட்டும் மாறவில்லை

எட்டாம் வாரத்தில் முதுகிலும் வாலடியிலும் 12 இழுப்புவரை எந்த அறிகுறியும் இல்லை. இடது தொடை மட்டும் முன்போலவே 2. பேத்தி குறித்து வைத்த எண்கள் இல்லாமல் இருந்திருந்தால் 'பழைய பயம் இன்னும் போகவில்லை' என்று விட்டிருப்பார்கள்.

மறுபடி படமெடுத்துப் பார்த்தபோது, இங்கே வரும் அசைவுகளே வேறு என்பது தெரிந்தது. தோல் ஓடவில்லை, நாக்கு வரவில்லை, இடுப்பு உயரவில்லை. கை தொடையை நெருங்கியதும் பூனை உறைந்தது. குர்குர் சத்தம் நின்றது, மூச்சு ஒரு கணம் தடைப்பட்டது. பாரத்தை வலது காலுக்கு மாற்றி, முகத்தைத் திருப்பாமல் காதை மட்டும் பின்னால் மடித்தது. பிறகுதான் சீறல். அரிப்பில் பூனை ஆடுகிறது, வலியில் அடங்கிப் போகிறது. முதல் நாள் படத்தில் ஆட்டம் அதிகமாக இருந்ததால் அடக்கம் யார் கண்ணிலும் படவில்லை.

கேட்கக் கேட்க மற்ற செய்திகளும் வந்தன. முன்பெல்லாம் ஒரே தாவில் பத்தாயத்தின்மேல் ஏறும், இப்போது அடுக்கிய மூட்டைமேல் கால் வைத்து ஏறுகிறது. பின்தொடையிலும் வாலடியிலும் மட்டும் முடி சடைபிடிக்கிறது, திரும்பி நக்க முடியாததால். நகம் வளைந்து நீண்டிருக்கிறது. 'வயசாச்சு, சோம்பேறித்தனம்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம், இடதில் அதிகம். சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை சரியாக இருந்தது. பிரெட்னிசோலோன் நின்று மூன்று வாரம் கடந்திருந்ததால் வலி மருந்தான மெலாக்சிகாம் திரவம் தொடங்கியது, கிலோவுக்கு 0.05 மி.கி., உணவோடு. இந்த இரண்டு மருந்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரைப்பையும் குடலும் புண்ணாகும். சாப்பிடாத நாளில் மெலாக்சிகாம் கொடுக்கக் கூடாது, சிறுநீரகச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும்.

சடையைக் கத்தரியால் வெட்டப் பாட்டி முயன்றபோது மருமகள் தடுத்தார். சடை தோலைக் கூடாரம்போல் இழுத்து நிற்கும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாகிவிடும். மருத்துவமனையிலேயே முடி வெட்டும் மின்கருவியால் தோலை ஒட்டி வழித்தார்கள். சடை போனதே பாதி நிம்மதி, அது ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் வாரம்

தை மாதம் புது நெல் பத்தாயத்துக்கு வந்தபோது நிலைமை இது: முதுகு, வாலடி 15 இழுப்புவரை அமைதி. வலது தொடையில் 8. இடது தொடையில் 4, அதுவும் பூனை நின்றுகொண்டிருந்தால் மட்டும். மடியில் படுக்க வைத்தால் இடுப்பு மடங்கி இன்றும் 2தான். கடி ஒன்றும் இல்லை. எடை 3.9 கிலோ. பத்தாயத்துக்கு ஏற மூட்டைகளைப் படிபோல் நிரந்தரமாக அடுக்கிவிட்டார்கள்.

மிக மெதுவாகத் தீர்ந்தது உடம்பின் தொல்லை அல்ல, பழைய கம்பிப் பிரஷ்ஷின் நினைவு. அரிப்பு போய் ஒரு மாதம் ஆன பிறகும் அதை அலமாரியிலிருந்து எடுக்கும் சத்தத்துக்கே பூனை முற்றத்தைத் தாண்டி ஓடியது. அந்தப் பிரஷ்ஷை வீட்டைவிட்டே அகற்றினார்கள். ரப்பர் கையுறையைத் தீனித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் சும்மா கிடக்க விட்டார்கள். பிறகு கன்னத்தில் மூன்று தடவல், கையை எடுத்துவிட்டுக் காத்திருத்தல். பூனை முகத்தைத் தள்ளிக் கேட்டால் இன்னும் மூன்று. விலகிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். பத்து நிமிடம் சீவியே தீர வேண்டும் என்ற வழக்கத்தை விடுவது பாட்டிக்குத்தான் கடினமாக இருந்தது. இப்போது தினம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்.

இன்னொரு முறை என்றால் மாற்ற வேண்டியவை

பத்து நாள் தனிமை வீணாகப் போயிருக்க வேண்டியதில்லை. பூனையைத் தொடாமலே அதன் சாக்கை வெள்ளைத் துணியில் உதறி, விழுந்த பொடியை நனைத்துப் பார்த்திருக்கலாம். தெள்ளு என்று அன்றே தெரிந்திருக்கும், பத்தாயத்தடி ஐந்து வாரம் முன்னதாகவே சுத்தமாகியிருக்கும், வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து வைத்திருக்கலாம்.

11ஆம் நாள் இடது, வலது தொடைகளின் எண்கள் 2, 5 என்று வேறுபட்டே இருந்தன. தெள்ளு ஒவ்வாமை பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால் மூட்டுத் தேய்மானத்தையோ பழைய காயத்தையோ அன்றே தேட வேண்டும். 9 வயதுப் பூனைக்கு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, எங்கே சடைபிடிக்கிறது என்ற மூன்று கேள்வியையும் முதல் நாளே கேட்டிருந்தால், எக்ஸ்ரே ஆறு வாரம் முன்னால் எடுக்கப்பட்டிருக்கும். வலி மருந்தை உடனே தொடங்கியிருக்க முடியாது, பிரெட்னிசோலோன் முடியக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டைப் படியையும், நிற்க வைத்துச் சீவுவதையும், சடை நீக்கத்தையும் அந்த வாரமே தொடங்கியிருக்கலாம்.

பாட்டியின் கட்டைவிரல் முழுதாக மடங்க இரண்டு மாதம் ஆயிற்று. வீட்டுக் கிணற்றடியில் இப்போது ஒரு சோப்புக் கட்டி நிரந்தரமாக இருக்கிறது.